கை போடும் தாளத்தைக் கைபேசிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

என்னிடம் வாய்ப்பாட்டுப் படிக்கும் பிள்ளை ஒருத்தி தரப் பரீட்சைக்குப் போனாள். சரளி வரிசை, ஆதி தாளம். வீட்டில் இரண்டு மாதமாகக் கைபேசியில் மெட்ரோனோமை (சீராக அடி அடித்துக்கொண்டே போகும் செயலியை) ஓடவிட்டுத்தான் பாடிப் பழகியிருந்தாள். அன்றைக்குச் சுருதி விலகவில்லை. வேகமும் கூடவில்லை, குறையவில்லை. பாடி முடிந்ததும் பரீட்சகர் கேட்டாராம்: "இது என்ன தாளம்?" "ஆதி" என்றிருக்கிறாள். "அப்ப உங்கட கை ஏன் ஏக தாளம் போடுது?"

வெளியே வந்ததும் அழுகை. "ரீச்சர், அப் அடிச்சபடிதானே நான் போட்டன்."

அவள் சொன்னது சரி. மெட்ரோனோம் செயலியைப் புதிதாகத் திறந்தால் அது பெரும்பாலும் நான்கு அடியில்தான் நிற்கும். முதல் அடிக்கு 'டிங்', மற்ற மூன்றுக்கும் 'டிக்'. ஒவ்வொரு 'டிங்'குக்கும் அவளுடைய கை தட்டில் போய் விழுந்திருக்கிறது. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மறுபடி தட்டு. கையைத் திருப்பி வீசும் வீச்சு என்ற ஒன்றே வரவில்லை. நான்கே அடியுள்ள ஏக தாளம்தான் வந்திருக்கிறது. பிழை என்னுடையது. "இறக்கிக்கொள்" என்று சொன்னேனே தவிர, அதை நம்முடைய தாளத்துக்கு எப்படி மாற்றுவது என்று காட்டவில்லை. அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். கர்நாடக சங்கீதம் பழகத் தொடங்கியவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன் என்றாலும், கிற்றார், கீபோர்ட், மிருதங்கம் பழகுகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எந்தச் செயலி?

இலவசமாகக் கிடைப்பதில் எதுவானாலும் போதும், ஆனால் நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஒவ்வொரு அடியையும் தனித்தனியே தொட்டு அதன் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும். ஒரு சுற்றில் 16 அடி வரையாவது வைக்க முடிய வேண்டும். அடிக்கு உள்ளே உட்பிரிவு வைக்கும் வசதி வேண்டும். வைத்ததைப் பெயர் போட்டுச் சேமிக்க முடிய வேண்டும். 14 அடி வைக்க முடியாத செயலியை அப்போதே அழித்துவிடுங்கள். ஏழு தாளத்திலும் பாடிப் பழகும் அலங்காரத்துக்கு வரும்போது எப்படியும் அழிக்கத்தான் போகிறீர்கள்.

திரையில் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். டெம்போ அல்லது பிபிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது. 60 என்றால் செக்கனுக்கு ஒன்று. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, அப்போது 8 செக்கன். பீட் என்பது அடி. ஆக்சென்ட் என்பது அடிக்குக் கொடுக்கும் அழுத்தம். சப்டிவிஷன் உட்பிரிவு. மியூட் என்றால் அந்த அடி வாய் திறக்காது. இவ்வளவு தெரிந்தால் எந்தச் செயலிக்குள்ளும் இறங்கலாம்.

இந்தக் கருவியை மெல்செல் என்பவர் 1815இல் காப்புரிமை பெற்றது ஐரோப்பிய சங்கீதத்துக்காக. நம்முடைய தாளத்தின் உறுப்புகளான லகு என்ன, திருதம் என்ன என்பது அதற்குத் தெரியாது. எண்ணிக்கை ஒன்றுதான் தெரியும். மிச்சத்தை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதலில் ஆதி தாளம்

வேகத்தை 60இல் வையுங்கள். பிறகு அடி எண்ணிக்கையை 8 ஆக்குங்கள். சில செயலிகளில் இது 4/4 என்று பின்னம் போல இருக்கும்; மேலே உள்ள எண்ணைத்தான் 8 ஆக்க வேண்டும். கீழே உள்ள 4 அப்படியே கிடக்கட்டும். அதைத் தொட்டால் சில செயலிகள் வேகத்தையே இரட்டிப்பாக்கிவிடும்.

இப்போது திரையில் எட்டு வட்டமோ எட்டுப் பெட்டியோ வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தொட்டால் பலத்த அடி, இன்னொரு முறை தொட்டால் நடுத்தரம், பிறகு மெல்லியது, கடைசியில் மௌனம் என்று மாறிக்கொண்டே போகும். உங்கள் கையைப் பாருங்கள். ஆதி தாளம் என்பது சதுரஸ்ர லகு (ஒரு தட்டும் மூன்று விரலும்) ஒன்று, திருதம் (ஒரு தட்டும் ஒரு வீச்சும்) இரண்டு: 4+2+2. தட்டு விழுகிற இடங்கள் 1, 5, 7. ஆகவே 1ஐப் பலத்த அடியாகவும், 5ஐயும் 7ஐயும் நடுத்தரமாகவும், 2, 3, 4ஐ மெல்லியதாகவும் வையுங்கள்.

6உம் 8உம் வீச்சு. வீசுகிற கையில் சத்தம் வருமா? வராது. அப்படியானால் அந்த இரண்டையும் மௌனமாக்கிவிடுங்கள். இப்போது ஓடவிட்டுக் கேட்டால் செயலி உங்கள் கை போலவே தாளம் போடும். அந்தப் பிள்ளைக்கு இப்படி வைத்துக் கொடுத்த அன்றைக்கே வீச்சு வந்துவிட்டது. சத்தம் இல்லாத இடத்தில் கை தானாகத் திரும்பியது. உங்கள் செயலியில் பலம், மெலிவு என்று இரண்டே நிலைதான் இருந்தால் 1, 5, 7 மூன்றையும் பலமாக்கி, வீச்சுகளை மௌனமாக்குங்கள். அதுவும் போதும், சமம், அதாவது சுற்றின் முதல் தட்டு, எது என்று காது இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும்.

சரியாக வந்ததும் 'ஆதி 60' என்று பெயர் போட்டுச் சேமியுங்கள். சேமிக்காமல் மூடிவிட்டு நாளைக்கு மறுபடி எட்டு வட்டத்தையும் தொட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை.

அலங்காரம்: எண்ணிக்கை ஒன்று, தாளம் வேறு

செயலியை நம்முடைய தாளத்துக்கு மாற்றுவதில் ருசியான இடம் இதுதான். ஏழு அலங்காரத்தையும் ஏழு பெயரில் சேமித்து வைத்தால் ஒரு வருடத்துக்குப் பயன்படும்.

துருவ தாளம் 4+2+4+4, மொத்தம் 14. அழுத்தம் 1, 5, 7, 11இல். அட தாளத்தை அலங்காரத்தில் கண்ட ஜாதியில் (லகுவுக்கு ஐந்து எண்ணிக்கை) பாடுகிறோம்: 5+5+2+2. அதுவும் 14தான். ஆனால் அழுத்தம் 1, 6, 11, 13இல் விழும். அடி எண்ணிக்கையை மட்டும் 14 என்று வைத்துவிட்டு அழுத்தத்தைத் தொடாமல் விட்டால் இரண்டும் ஒரே தாளம்தான், செயலியைப் பொறுத்தவரை. மட்டிய தாளமும் (4+2+4) மிஸ்ர ஜம்பையும் (7+1+2) இதே மாதிரிப் பத்துக்குள் குடியிருக்கும் இரண்டு பேர். மட்டியத்துக்கு 1, 5, 7. ஜம்பைக்கு 1, 8, 9. ஜம்பையில் பிள்ளைகள் தடுக்கி விழுவது 8இல்தான். ஏழு எண்ணி முடித்த கையோடு அனுதிருதத்தின் ஒற்றைத் தட்டு, உடனே திருதத்தின் தட்டு என்று இரண்டு தட்டு ஒட்டிக்கொண்டு வரும். 8க்கும் 9க்கும் செயலி வேறு வேறு சத்தம் கொடுக்குமானால் அந்த வசதியை இங்கே பயன்படுத்துங்கள்.

ரூபகம் 2+4: அழுத்தம் 1, 3. திஸ்ர திரிபுடை 3+2+2: 1, 4, 6. சதுரஸ்ர ஏகத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், செயலி திறந்தவுடன் நிற்கிற நிலையே அதுதான். என் மாணவியைக் கவிழ்த்ததும் அதுதான்.

ரூபகத்தைக் கச்சேரியில் போடுவது போல தட்டு, தட்டு, வீச்சு என்று போடுகிறவர்கள் 3 அடி வைத்து, உட்பிரிவு 4 வைத்து, மூன்றாவது அடியை மட்டும் மெலிவாக்குங்கள்.

ஆறு அடியை நம்முடைய ஊர்க்காரர் இன்னொரு விதமாகவும் அறிவார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தின் இசையைக் கேட்டிருக்கிறீர்களா? பைலாவின் ஆட்டமும் அதே குடும்பம்தான். அங்கே ஆறு என்பது 3+3. அழுத்தம் 1, 4. அதே ஆறு வட்டத்தில் 3ஐத் தொடுவதற்குப் பதிலாக 4ஐத் தொட்டால் ரூபகம் போய், கால் தானாக ஆட்டம் போடத் தொடங்கும். தேவாலயப் பாடகர் குழுவில் 6/8 என்று எழுதிய பாட்டு வந்தாலும் இதே அமைப்புத்தான். ஒன்று கவனியுங்கள்: 6/8 வைத்தால் சில செயலிகள் சின்ன அடிகளை எண்ணும், சில செயலிகள் மூன்றைச் சேர்த்து ஒன்றாக எண்ணும். 60 என்று வைத்தும் பாட்டு இழுத்துக்கொண்டு போனால் காரணம் அதுதான். வேகத்தை மூன்று மடங்கு ஆக்கிப் பாருங்கள்.

சாபு தாளங்களுக்கு வேறு வழி. மிஸ்ர சாபு ஏழில் 'தகிட தகதிமி'. வேகமாகப் போவதால் ஏழு அடியும் ஒலித்தால் காது குழம்பும். 7 அடி வைத்து 1, 4, 6 மட்டும் ஒலிக்கட்டும், மற்ற நான்கும் மௌனம். கண்ட சாபு 'தக தகிட'. 5 அடி, 1உம் 3உம் ஒலிக்கட்டும். வேகம் 200, 240 என்று வைக்க வேண்டி வரும். பயப்படாதீர்கள், கேட்கப்போவது மூன்று தட்டும் இரண்டு தட்டும்தான்.

மூன்று காலம், அப்புறம் நடை

புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை: இரண்டாம் காலம் (அதே வரிசையை இரட்டிப்பு வேகத்தில் பாடுவது) வந்ததும் வேகத்தை 60இலிருந்து 120 ஆக்குவது. அப்படிச் செய்தால் கையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். நம்முடைய முறையில் கை மாறாது, தொண்டைதான் ஓடும். ஆகவே வேகம் 60இலேயே நிற்கட்டும். முதல் காலத்துக்கு உட்பிரிவு 1, இரண்டாம் காலத்துக்கு 2, மூன்றாம் காலத்துக்கு 4. உட்பிரிவின் சத்தத்தைப் பெரிய அடியைவிட நன்றாகக் குறைத்து வையுங்கள். மூன்றாம் காலத்தில் தடுக்கினால் உட்பிரிவைக் கூட்டிப் பயனில்லை, வேகத்தை 60இலிருந்து 48க்கு இறக்குங்கள். மூன்று காலமும் அங்கே சுத்தமாக வந்தபின் நான்கு நான்காக ஏற்றுங்கள். பத்துப் பத்தாக ஏற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இரண்டாம் நாளே பழைய இடத்துக்குத் திரும்பி வருவார்கள்.

நடை என்பது ஓர் அடி எத்தனை சம பாகமாகப் பிரிகிறது என்பது. திஸ்ர நடைக்கு உட்பிரிவு 3. இது அநேகமான செயலிகளில் இருக்கும். கண்ட நடைக்கு 5 பல செயலிகளில் இருக்காது. அதற்கு ஒரு சுற்றுவழி உண்டு. அடி எண்ணிக்கையை 5 ஆக்கி, முதல் அடியைப் பலமாக்கி, வேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 48 வேண்டுமென்றால் 240. இப்போது ஒவ்வொரு பலத்த அடியும் ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை), உள்ளே 'தகதகிட'. செயலிக்கு எட்டு மறந்துபோகும், எட்டை உங்கள் கைதான் எண்ண வேண்டும்.

சமத்திலிருந்து அரை அட்சரம் தள்ளி எடுக்கும் பாட்டுகளுக்கும் உட்பிரிவு கைகொடுக்கும். 2 வைத்து ஓடவிடுங்கள். முதல் தட்டுக்குப் பின்னால் வரும் மெல்லிய 'டிக்'கில் எடுப்பு. சமத்தில் மூச்சை உள்ளே இழுத்து, 'டிக்'கில் வாயைத் திறக்கப் பழகினால் சரி.

சத்தம், சுருதி, இடைஞ்சல்கள்

செயலியோடு வரும் 'பீப்' சத்தத்துக்கு ஒரு சுரம் உண்டு. அது உங்கள் சுருதியோடு சேராது. காதுக்கு உறுத்துவது ஏன் என்று தெரியாமலே பிள்ளைகள் சுருதியை விட்டு நகர்வார்கள். மரக்கட்டைச் சத்தத்தைத் தெரிவு செய்யுங்கள். அது இல்லையென்றால் கைதட்டல் சத்தம்.

சுருதிப்பெட்டிச் செயலியும் மெட்ரோனோமும் ஒரே கைபேசியில் ஒன்றாக ஓடினால் சில கைபேசிகளில் ஒன்று மற்றதை நிறுத்திவிடும். வீட்டில் யாருடையதாவது பழைய கைபேசி இருந்தால் சுருதியை அதில் போடுங்கள். திரை அணைந்ததும் தாளமும் நின்றால், கைபேசியின் அமைப்பில் அந்தச் செயலிக்கு பற்றரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். பழகும்போது டேட்டாவை நிறுத்தி வையுங்கள். மெட்ரோனோமுக்கு இணையம் தேவையில்லை, விளம்பரத்துக்குத்தான் தேவை. ஜண்டை வரிசையின் நடுவில் சவர்க்கார விளம்பரம் பாடுவதை நான் கேட்டிருக்கிறேன்.

கல்லடியில் எங்கள் வீட்டில் பின்னேரம் கடற்காற்று எடுத்தால் கைபேசியின் சத்தம் யன்னலோடு போய்விடும். வெறும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் கைபேசியின் ஸ்பீக்கர் பக்கம் கீழே போகும்படி வைத்துப் பாருங்கள், நன்றாகவே கூடும். மிருதங்கக்காரருக்கு அது போதாது. அவர்கள் வயர் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டலாம். ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். சத்தத்தை மட்டும் கேட்டுப் போட்டால் பாதகமில்லை, எல்லா அடியும் ஒரே அளவில்தான் பிந்துகிறது. திரையில் மின்னும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டு போட்டால் கண்ணுக்கும் காதுக்கும் சண்டை. திரையைக் கவிழ்த்து வையுங்கள்.

சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவது

செயலி அடிக்க அடிக்கப் பாடுவது யாருக்கும் வரும். அது வாயை மூடியதும் உங்கள் கை எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு கிழமை எல்லாத் தட்டும் கேட்டுப் பழகிய பின், ஆதியில் 5ஐயும் 7ஐயும் மௌனமாக்குங்கள். பிறகு 2, 3, 4. கடைசியில் சமம் ஒன்று மட்டும் ஒலிக்கும், 8 செக்கனுக்கு ஒரு தடவை. பாடிக்கொண்டே போய் அந்த ஒற்றைத் தட்டோடு உங்கள் தட்டு சேர்ந்தால் சந்தோஷம். முன்னுக்குப் போயிருந்தால் அவசரப்படுகிறீர்கள். அநேகமாக எல்லாரும் அவசரப்படுகிறவர்கள்தான்.

இன்னும் கடினமாக வேண்டுமா? 16 அடி வைத்து முதல் எட்டை ஆதி போல அமைத்து, அடுத்த எட்டையும் மௌனமாக்குங்கள். ஓர் ஆவர்த்தனம் செயலி, ஓர் ஆவர்த்தனம் நீங்கள். ரூபகத்துக்கு 12 வைத்து இதே மாதிரி. சில செயலிகளில் 'இத்தனை சுற்று ஒலி, இத்தனை சுற்று மௌனம்' என்று தானாகவே வைக்கலாம். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் என் பிள்ளைகள் இதைத் தவிர வேறெதையும் ஓடவிடுவதில்லை.

கூத்துக்கு இதைக் கொண்டுபோகலாமா?

கேட்பார்கள் என்று தெரியும். சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போகும் பிள்ளைகளிலிருந்து படுவான்கரையில் கூத்தாடும் களரி பார்த்து வளர்ந்தவர்கள் வரை, இங்கே சங்கீதம் படிக்கிற பாதிப் பேருக்குக் கூத்தும் காதில் இருக்கிறது. என் பதில்: ஆடுவதற்கு வேண்டாம்.

ஒரு தடவை, வடமோடிக் கூத்துப் பழக்கிக்கொண்டிருந்த அண்ணாவியார் (கூத்து ஆசிரியர்) ஒருவரிடம் செயலியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்டார். பிறகு திருப்பித் தந்துகொண்டே, "இதுக்கு மூச்சு வாங்காதா புள்ள?" என்றார்.

வட்டக்களரியில் மத்தளம் அவர் கையில். பாத்திரம் களரிக்குள் வரும் வரவு ஆட்டத்தில் ஆட்டக்காரனின் காலையும் சலங்கையையும் பார்த்துத்தான் அவர் வேகத்தை ஏற்றுகிறார். ஆடுகிறவன் களைத்தால் பிடித்து நிறுத்துகிறார். பிற்பாட்டுக்காரரும் சல்லரி என்ற கைத்தாளமும் அவரோடு போகிறார்கள். அங்கே வேகம் மாறுவது பிழை அல்ல, கூத்தே அதுதான். ஒரே எண்ணில் நிற்கிற கருவியை அதற்குள் கொண்டுபோய் வைத்தால் ஆட்டம் செத்துப்போகும். பாடசாலைப் போட்டிக்குக் கோலாட்டம் பழக்குகிற ரீச்சர்மாருக்கு மட்டும் ஒரு சலுகை தருவேன்: பிள்ளைகளின் கோல் ஒன்றாக விழுகிறவரை முதல் சில நாள் நான்கு அடியில் ஓடவிடுங்கள். பிறகு நிறுத்திவிடுங்கள்.

ஆனால் கூத்தை ஆடுவதற்கு அல்லாமல் படிப்பதற்கு, ஆய்வுக் குறிப்பு எழுதுவதற்கு என்றால் ஒரு பட்டன் உதவும். 'டாப் டெம்போ' என்று இருக்கும். அதன் மேல் விரலால் தட்டினால் நீங்கள் தட்டிய வேகத்தை எண்ணாகக் காட்டும். களரியில் அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் அந்தப் பதிவை ஓடவிட்டு, வரவு தொடங்கும் இடத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, ஆட்டம் முடியப்போகும் இடத்தில் ஒரு தடவை மத்தளத்தோடு சேர்ந்து தட்டி, மூன்று எண்ணையும் பதிவின் நிமிடக் கணக்கோடு எழுதிக்கொள்ளுங்கள். வேகம் எங்கே ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது என்று தாளில் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் எட்டுத் தட்டாவது தட்டிவிட்டு எண்ணைப் பாருங்கள். இரண்டு தட்டிலேயே பார்த்து எழுதினால் மத்தளத்தின் வேகம் பதிவாகாது, உங்கள் விரலின் அவசரம்தான் பதிவாகும்.